கரையோரக் கேள்வி பதில்: மீன் நீளத்த அளக்க எலக்ட்ரானிக் பலகை எதுக்கு?

போன இதழ்ல எலக்ட்ரானிக் மீன் அளவுப்பலகை, அதாவது மீன் நீளத்த அளந்து தானாவே பதிவு பண்ற பலகை, அது பத்தி ரெண்டு பாரா எழுதுனோம், அதுக்கு தொண்டியில இருந்து ஏர்வாடி வரைக்கும் கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. பாதிப்பேர் மிஷின் பத்தி கேட்டிருக்கீங்க, மீதிப்பேர் "எங்க மீன ஏன்யா அளக்குறீங்க"ன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டுக்கும் பதில் சொல்றேன், ஒரே மாதிரி கேள்விய சேத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

மண்டபத்துல இருந்து ஒரு மாணவர்: எங்க ப்ராஜெக்டுக்கு கும்புளா (அயிலை), சாளை (மத்தி), காரல் மூணு மீனையும் நீளம் அளக்கணும். காலேஜ்ல சாதா பலகைதான் குடுத்திருக்காங்க. எலக்ட்ரானிக் பலகை எப்படி வேலை செய்யுது? அவ்ளோ காசு போட்டு வாங்குற அளவுக்கு அதுல என்ன இருக்கு?

தம்பி, முதல்ல கையில இருக்க பலகைய பாப்போம். ஒரு முனையில செங்குத்தா ஒரு தடுப்பு இருக்கும், அதுல மீனோட மூக்க முட்டவச்சு, வாய மூடி, உடம்ப நேரா படுக்கவச்சு, வால் எங்க முடியுதோ அந்த நம்பர படிக்கணும். ஒருத்தர் அளந்து சத்தமா சொல்லுவாரு, இன்னொருத்தர் நோட்டுல எழுதுவாரு. ஏலம் போயிட்டிருக்க எடத்துல, ஐஸ் உடைக்கிற சத்தம், லாரி ஹாரன், இதுக்கு நடுவுல "பதினாறு அஞ்சு"ன்னு சொன்னது "பதினாறு எட்டு"ன்னு காதுல விழும், எழுதுறவரு கை ஈரம், நோட்டு பூரா செதிலு, அப்புறம் சாயங்காலம் அத ரூமுக்கு கொண்டுபோய் எக்ஸெல்ல ஏத்தும்போது அஞ்சா ஆறான்னு நோட்ட வெளிச்சத்துல புடிச்சு பாக்கணும். ஒரே நம்பர் வாய், காது, பேனா, கீபோர்டுன்னு நாலு கை மாறுது, எங்க தவறுச்சுன்னு பின்னாடி கண்டுபிடிக்கவே முடியாது.

எலக்ட்ரானிக் பலகை இல்லாம ஆக்குறது இந்த நாலு கைமாத்தத்தத்தான். மீன படுக்கவைக்கிறதெல்லாம் அதேதான், மூக்க முட்டவைக்கிறதும் அதேதான். வால் முனையில காந்தம் வச்ச ஒரு பேனாவ வைக்கணும், பீப்னு ஒரு சத்தம், நீளம் மில்லிமீட்டர் கணக்குல பதிவாயிரும், நேரா ப்ளூடூத் வழியா டேப்லெட்டுக்கோ கம்ப்யூட்டருக்கோ போயிரும். பலகை மேலயே கட்டம் கட்டமா ஒட்டியிருப்பாங்க, ஆணா பொண்ணா, சினை எந்த நிலையில இருக்கு, எந்த மீன், எல்லாத்தையும் அதே பேனாவால தொட்டாப் போதும். தராசையும் அதோட இணைச்சுட்டா எடையும் அதே வரியில வந்து உக்காந்துக்கும்.

உள்ள என்ன நடக்குதுன்னா, ஒரு வகை பலகையில நீளவாக்குல ஒரு உலோகக் கம்பி ஓடுது. அந்த கம்பியில ஒரு மின் துடிப்பு அனுப்புவாங்க, அது பேனாவோட காந்தம் இருக்க எடத்துக்கு வந்ததும் கம்பியில ஒரு சின்ன முறுக்கு உண்டாகி அலையா திரும்பி ஓடிவரும், கிட்டத்தட்ட செகண்டுக்கு 2,800 மீட்டர் வேகம். துடிப்பு போனதுக்கும் அலை வந்ததுக்கும் நடுவுல எவ்ளோ நேரம்னு பாத்தா தூரம் தெரிஞ்சுரும், மின்னல பாத்துட்டு இடி எப்ப கேக்குதுன்னு எண்ணி மழை எவ்ளோ தூரத்துல இருக்குன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கள்ல, அதே கணக்குதான், என்ன, இங்க மைக்ரோசெகண்டுல எண்ணணும். கம்பிய தொட வேணாம், பலகைக்குள்ள சீல் பண்ணி வச்சிரலாம், அதனாலதான் மீன் வழவழப்பும் உப்புத்தண்ணியும் அத ஒண்ணும் பண்றதில்ல. இன்னொரு வகையில காந்தத்த உணர்ற சின்னச்சின்ன சென்சார்கள வரிசையா அடுக்கியிருப்பாங்க. நார்வேயில ஸ்கான்ட்ரால், கனடாவுல லிம்னோடெர்ரா மாதிரி கம்பெனிகள் இத செஞ்சிருக்கு.

வாங்கலாமான்னு கேட்டா, உங்க ப்ராஜெக்டுக்கு வேணாம். சில நூறு மீனுக்கு சாதா பலகையும் ஒரு பென்சிலும் போதும். ஆடுற கப்பல்ல, ராத்திரி பகல்னு வலை ஏறிக்கிட்டே இருக்கும்போது, நாள் பூரா மீன் அளக்குற சர்வே ஆளுங்களுக்கு இது வரம். தினமும் பல ஜாதி மீன அளக்குற நிலையத்துக்கும் காசு வீண் போகாது. ஆனா ஒண்ணு, இதுலயும் ஒரு புது வகை தப்பு இருக்கு. காரல் கூடை முடிஞ்சு கும்புளா கூடைக்கு போறப்ப மீன் பேர மாத்தாம விட்டீங்கன்னா ஒரு கூடை கும்புளாவும் காரலாவே ஏறிரும், நோட்டுல ஒரு வரிதான் தப்பும், இதுல கூடையே தப்பும். நல்ல சாஃப்ட்வேர்ல "இந்த மீன் இவ்ளோ நீளம் வராதே"ன்னு கத்துற மாதிரி ஒரு எல்லை வச்சிருப்பாங்க, அத ஆஃப் பண்ணாம வைங்க, சத்தம் எரிச்சலா இருந்தாலும்.

தொண்டி வாசகர்: நானும் என்கூட வேலை பாக்குறவரும் ஒரே கும்புளாவ அளந்தோம், எனக்கு 22, அவருக்கு 20. யார் சரி?

அனேகமா ரெண்டு பேருமே சரி. நீங்க வால் நுனி வரைக்கும் அளந்திருப்பீங்க, அது மொத்த நீளம். அவரு வால் கவட்டை வரைக்கும், அதாவது வால் ரெண்டா பிரியுற பள்ளம் வரைக்கும் அளந்திருப்பாரு, அது கவட்டை நீளம். மூணாவதா ஒண்ணு இருக்கு, வால் துடுப்ப விட்டுட்டு முதுகெலும்பு முடியுற எடம் வரைக்கும், தர நீளம்னு சொல்லுவாங்க, மீன் ஜாதிய பிரிச்சு அடையாளம் காணுறவங்க அதத்தான் அதிகமா எடுப்பாங்க. சூரை மாதிரி வால் விறைப்பா இருக்க மீனுக்கு உலகம் பூரா கவட்டை நீளந்தான். சாளைக்கும் கும்புளாவுக்கும் நம்ம நாட்டுல சட்டத்துல சொல்ற அளவு மொத்த நீளத்துல இருக்கும்.

பிரச்சினை எங்கன்னா, ஷீட்டுல வெறும் "நீளம்"னு தலைப்பு போட்டு விட்டுர்றது. ஆறு மாசம் கழிச்சு எடுத்து பாக்குறவனுக்கு எது எதுன்னு எப்படி தெரியும்? 2 சென்டிமீட்டர் சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. மீனோட எடை கிட்டத்தட்ட நீளத்தோட மூணாம் அடுக்குல ஏறும், நீளம் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்கு. 20 சென்டிமீட்டர் கும்புளாவ 21ன்னு எழுதுனாலே எடைக் கணக்கு 16 சதவீதத்துக்கு பக்கமா கூடிரும். 2 சென்டிமீட்டருக்கு நீங்களே போட்டு பாருங்க.

இன்னொண்ணு, முழு சென்டிமீட்டருக்கு இறக்கி எழுதுறீங்களா, பக்கத்து நம்பருக்கு முழுசாக்குறீங்களான்னும் பேசி வச்சுக்கங்க. 20.8அ ஒருத்தர் 20ன்னும் ஒருத்தர் 21ன்னும் எழுதுனா ரெண்டு பேரோட சராசரிக்கும் நடுவுல அரை சென்டிமீட்டர் சும்மாவே நிக்கும். கும்புளாவுக்கு தாங்கும், பத்து சென்டிமீட்டர் காரலுக்கு அரை சென்டிமீட்டருங்குறது பெரிய விஷயம். எலக்ட்ரானிக் பலகை மில்லிமீட்டர்ல எடுத்துட்டு முழுசாக்குற வேலைய பின்னாடி வச்சுக்குது, இந்த ஒரு சண்டை அங்க இல்ல. ஆனா பேனாவ நுனியில வைக்கிறதா கவட்டையில வைக்கிறதான்னு பலகைக்கு தெரியாது, அது உங்க கையிலதான்.

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு விசைப்படகு உரிமையாளர்: டீசல் விலை, எல்லைப் பிரச்சினை, இதுக்கு நடுவுல ரெண்டு பேர் பலகைய தூக்கிட்டு வந்து என் மீன அளக்குறாங்க. அளந்து என்ன பண்ணப் போறாங்க? நாளைக்கு சின்ன மீனுன்னு சொல்லி அபராதம் போடவா?

அண்ணே, உங்க கோவம் நியாயம், அதனால சுத்தி வளைக்காம சொல்றேன். ஆராய்ச்சிக்கு அளக்க வர்றவங்க வேற, அபராதம் போடுற அதிகாரம் இருக்கவங்க வேற. மண்டபம் கேம்ப்ல இருக்க மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மத்திய அரசோடது, 1947ல மண்டபத்துலதான் தொடங்குனாங்க, 1971ல தலைமையகம் கொச்சிக்கு போயிருச்சு, ஆனா இங்க மண்டல மையம் இன்னைக்கும் இருக்கு. அவங்க வேலை கணக்கு எடுக்குறது. கடலுக்கு போக டோக்கன் குடுக்குறது, ரெய்டு, கேஸ் எல்லாம் மாநில மீன்வளத்துறை. அடுத்த தடவை பலகையோட வர்றவர "எந்த ஆபீஸ், என் படகு நம்பர எழுதுறீங்களா, எதுக்கு"ன்னு கேளுங்க, கேக்குறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு, பதில் சொல்றது அவரு கடமை.

இப்ப ஏன் நீளம். மீனுக்கு வயசு என்னன்னு தெரிஞ்சாத்தான் அந்தக் கூட்டம் எவ்ளோ வேகமா வளருது, எவ்ளோ வேகமா சாகுதுன்னு தெரியும். குளிர் நாட்டுல மீன் தலைக்குள்ள இருக்க காதுக்கல்ல எடுத்து அறுத்து பாத்தா மரத்துல மாதிரி வருச வளையம் தெளிவா தெரியும். நம்ம கடல்ல வருசம் பூரா சூடு, வளையம் அவ்ளோ தெளிவா விழாது. அதனால பெரிய எண்ணிக்கையில நீளத்த அளந்து, மாசாமாசம் எந்த நீளத்துல மீன் குவியுதுன்னு பாப்பாங்க. போன மாசம் 12 சென்டிமீட்டர்ல இருந்த குவியல் இந்த மாசம் 13.5க்கு நகந்தா அந்த கூட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் வளந்திருக்குன்னு அர்த்தம். 1890கள்ல டென்மார்க்கோட மீன் விஞ்ஞானி பீட்டர்சன் ஆரம்பிச்சு வச்ச யோசனை இது, 1980கள்ல இன்னொரு மீன் விஞ்ஞானி டேனியல் பாலி அத கம்ப்யூட்டர் முறையா ஆக்குனாரு, வெப்பக்கடல் நாடுகள் பலதுலயும் அதத்தான் புடிச்சுக்கிட்டாங்க. அதோட, எந்த நீளத்துல பாதிக்குப் பாதி மீன் சினை புடிக்குதுன்னும் பாப்பாங்க, அதுக்கு கீழ புடிச்சா அது அனேகமா ஒரு தடவை கூட முட்டை போடாத மீனு.

இதுல இருந்துதான் குறைந்தபட்ச அளவுன்னு சட்டம் வருது, மறைக்கல. கேரளாவுல 2015ல 14 ஜாதிக்கு கொண்டுவந்தாங்க, 2017ல 58 ஆக்குனாங்க, சாளைக்கு 10 சென்டிமீட்டர், கும்புளாவுக்கு 14 சென்டிமீட்டர். அதனால "அளந்தா ஒண்ணும் ஆகாது"ன்னு நான் உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன், ஆகும். ஆனா அளக்காம விட்டா அந்த நம்பர் எங்கயோ ஒரு கடல்ல எடுத்த கணக்குல இருந்து வந்து உங்க தலையில உக்காரும். பாக் நீரிணை ஆழமில்லாத கடல், சேறு, பாசி, இங்க கெடைக்கிற மீனும் மன்னார் வளைகுடா பக்கம் கெடைக்கிறதும் ஒண்ணா? உங்க வலை மடியில வந்தத அளந்தா உங்க கடலுக்கு ஒரு கணக்கு இருக்கும். வலைக்கண் அளவு எவ்ளோ வச்சா எந்த நீளம் தப்பிக்குதுங்குற கணக்கும் இதுலதான் தெரியும், "சின்ன மீன் எல்லாம் விசைப்படகுதான் அழிக்குது"ன்னு யாராச்சும் சொன்னா உங்க பக்கத்துக்கு பேசவும் இதே நம்பர்தான் வேணும், எதிர்ப்பக்கம் பேசவும் இதேதான், அது உண்மை.

எனக்கு இதுல இருக்க வருத்தம் வேற. இத்தன வருசமா அளந்து அளந்து எழுதுறாங்க, அது என்ன சொல்லுதுன்னு கரையில வந்து யாரும் நாலு வார்த்தை சொல்றது கம்மி. சம்மாட்டிங்க, அதாவது படகு முதலாளிங்க, சங்கக் கூட்டத்துல வருசத்துக்கு ஒரு தடவை, ஒரு சார்ட் போதும், "உங்க சங்கரா மீன் இவ்ளோ நீளத்துல வருது, அஞ்சு வருசம் முந்தி இவ்ளோ"ன்னு. எலக்ட்ரானிக் பலகையில அன்னைக்கே கணக்கு வந்துருது, இனிமே "டேட்டா இன்னும் ஏத்தல"ன்னு சாக்கு சொல்ல முடியாது. நீங்க அதக் கேளுங்கண்ணே, மீன குடுக்குறப்பவே கேளுங்க.

கீழக்கரை வாசகி, நண்டு வாங்கி விக்கிறவங்க: நண்ட எப்படிங்க பலகையில அளப்பாங்க? மூக்கு எங்க இருக்கு அதுக்கு?

அக்கா, நண்டுக்கு அகலந்தான். நீலக்கால் நண்டுக்கு ஓட்டோட ரெண்டு பக்கமும் ஒரு நீளமான முள்ளு நீட்டிட்டு இருக்குல்ல, இந்த முள்ளு நுனியில இருந்து அந்த முள்ளு நுனி வரைக்கும். முள்ளு ஒடிஞ்சிருந்தா அந்த நண்ட அளவு கணக்குல சேக்காதீங்க. சில பேர் முள்ள விட்டுட்டு அடியில இருந்து அளப்பாங்க, எதுன்னு எழுதிறணும். இதுக்கு பலகைய விட வெர்னியர் காலிப்பர், அதாவது ரெண்டு தாடைக்கு நடுவுல புடிச்சு அளக்குற கருவி, நல்லது, டிஜிட்டல் காலிப்பரும் இருக்கு, சிலதுல பட்டன அமுக்குனா நம்பர் கம்ப்யூட்டருக்கு போயிரும்.

அப்படியே மத்ததும்: கணவாய்க்கு தலையையும் கைகளையும் விட்டுட்டு முதுகுப்பக்கம் உடம்புக்கூடு மட்டும். இறாலுக்கு கண்ணுக்குப் பின்னால இருந்து தலைஓடு முடியுற வரைக்கும். திருக்கைக்கு இறக்கைக்கு இறக்கை அகலம், வால அளக்காதீங்க, பாதி திருக்கைக்கு வால் கரைக்கு வர்றதுக்குள்ளயே அறுத்துருவாங்க. சினை நண்டு வந்தா முட்டை நிறத்தையும் குறிங்க, மஞ்சள் ஆரஞ்சா இருந்தா புதுசு, கறுத்துப்போயிருந்தா பொரிக்கிற நேரம்.

ராமேஸ்வரத்துல மீன் கணக்கெடுக்குற வேலை பாக்குறவர்: ஒரு படகுல இருந்து எத்தன மீன் அளக்கணும்? கூட அளந்தா நல்லதா?

இந்த இதழுக்கு வந்ததுலயே நல்ல கேள்வி இது. ஒரு ஜாதிக்கு ஒரு தடவைக்கு ஐம்பது நூறுன்னு எடுக்குறது வழக்கம், நீளத்த வகுப்பு வகுப்பா பிரிச்சு எழுதுவாங்க, சின்ன மீனுக்கு அரை சென்டிமீட்டர் வகுப்பு, கும்புளா மாதிரிக்கு ஒரு சென்டிமீட்டர் வகுப்பு. ஆனா எண்ணிக்கைய விட எங்க இருந்து எடுக்குறீங்கங்குறதுதான் விஷயம். ஒரே கூடையில இருந்து முன்னூறு மீன் எடுத்து அளக்குறத விட ஆறு படகுல இருந்து ஐம்பது ஐம்பதா எடுக்குறது எவ்ளவோ மேல். ஒரே வலை மடியில வந்த மீனெல்லாம் பெரும்பாலும் ஒரே கூட்டத்து மீனு, கிட்டத்தட்ட ஒரே வயசா இருக்கும், அதுல இன்னொரு இருநூறு அளந்தா புதுசா ஒண்ணும் தெரியப்போறதில்ல, முதுகுதான் வலிக்கும்.

எலக்ட்ரானிக் பலகை கையில வந்ததும் பலபேர் செய்யுற காரியம் இதுதான், வேகமா அளக்க முடியுதேன்னு அதே கூடைய முழுசா அளந்து "இன்னைக்கு ஆயிரம் மீன்"னு சந்தோசப்படுறது. மிச்சமான நேரத்துல அடுத்த படகுக்கு நடங்கப்பா.

ரெண்டாவது, கூடை கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே படகுல தரம் பிரிச்சிருவாங்க. பெருசு தனி, நடு தனி, பொடிசெல்லாம் சங்காயத்துல, அதாவது கழிவு மீன் குவியல்ல. நீங்க பெரிய கூடையில மட்டும் கைய விட்டா பாக் நீரிணையில குட்டி மீனே இல்லன்னு உங்க டேட்டா சொல்லும். சங்காயக் குவியல்ல இருந்தும் கண்டிப்பா ஒரு பங்கு எடுக்கணும், மேலயும் அடியிலயும் இருந்து அள்ளணும், ஏன்னா குலுங்குனதுல பெருசு மேலயும் பொடிசு அடியிலயும் போயிருக்கும். ஒவ்வொரு தரத்துக்கும் மொத்த எடை, சாம்பிள் எடை ரெண்டையும் எழுதணும். சங்காயம் மொத்தம் 500 கிலோ, நீங்க அள்ளுனது 10 கிலோன்னா, அதுல இருந்த ஒவ்வொரு மீனும் 50 மீனுக்கு சமம். இந்த எடைய எழுதாம விட்டா எவ்ளோ துல்லியமா மில்லிமீட்டர்ல அளந்திருந்தாலும் அது படகோட கணக்கா மாறாது. பலகைய விக்கிறவங்க இத சொல்ல மாட்டாங்க, மில்லிமீட்டரத்தான் சொல்லுவாங்க. சாம்பிள் கோணலா இருந்தா மில்லிமீட்டரு அந்த கோணலையே ரொம்ப துல்லியமா காட்டும், அவ்ளோதான்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள் விசைப்படகு டேட்டா இருக்காது. அந்த ஓட்டைய நாட்டுப்படகு மீன வச்சு அடைக்காதீங்க, வலை வேற, போற எடம் வேற, வர்ற நீளமும் வேற. நாட்டுப்படகு கணக்கு தனியா ஓடட்டும். அதே மாதிரி தடை முடிஞ்ச முதல் வாரத்து மீன மட்டும் அளந்துட்டு "மீன் பெருசாயிருச்சு"ன்னு அறிக்கை எழுதுறதும் வேணாம், ரெண்டு மாசம் தொடர்ந்து பாத்துட்டு எழுதுங்க. இங்க விசைப்படகு வாரத்துல தினமும் போறதில்ல, அதனால எந்த நாள் எந்த வகைப் படகு வந்துச்சுங்குறதையும் தேதியோட சேத்து குறிச்சுக்கங்க.

பாம்பன் வாசகர்: பலகை எல்லாம் எதுக்கு, செல்போன்ல போட்டோ எடுத்து அளந்தா ஆகாதா?

ஆகும், ஆனா பக்கத்துல ஸ்கேல் வச்சு, மீனோட நடு உயரத்துக்கு ஸ்கேலும் தூக்கி இருக்கணும், கேமரா நேர் மேல இருந்து பாக்கணும். விளைமீன் மாதிரி தடிச்ச மீன தரையில போட்டு ஸ்கேலயும் தரையில போட்டா, மீன் கேமராவுக்கு கிட்ட இருக்குறதால நிஜத்த விட நீளமா தெரியும். சாய்வா எடுத்தா இன்னும் மோசம். போட்டோவுல நல்லது என்னன்னா மீன் ஜாதி சந்தேகம் வந்தா திரும்ப பாக்கலாம், பலகையில வெறும் நம்பர்தான் மிஞ்சும். அதனால சந்தேகமான மீனுக்கு ரெண்டும் பண்ணுங்க.

ராமநாதபுரத்துல இருந்து இன்ஜினியரிங் படிக்கிற தங்கச்சி: இத நாங்களே செஞ்சா என்ன? ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு யோசிக்கிறோம்.

செய்யுங்கம்மா, செஞ்சே பாருங்க. முன்னாடியே செஞ்சு காட்டியிருக்காங்க. அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்க அலாஸ்கா மீன்வள அறிவியல் மையத்து ஆளுங்க, கடைப்பலகை விலை ஜாஸ்தியா இருக்குன்னு, ஃபேக்டரியில திரவ மட்டம் அளக்கவும் மிஷின் நகர்றத அளக்கவும் பயன்படுத்துற, முதல்ல சொன்ன அந்த கம்பி முறுக்கலை சென்சார வாங்கி ஒரு பிளாஸ்டிக் பலகையில போட்டு, சின்ன எலக்ட்ரானிக் போர்டு ஒண்ணு சேத்து "இக்தியோஸ்டிக்"னு ஒண்ண உருவாக்குனாங்க, 2010ல அதப்பத்தி ஆய்வுக்கட்டுரையும் வந்துச்சு. அடிப்படை அதுல இருக்கு. இன்னும் மலிவா வேணும்னா காந்தத்த உணர்ற ஹால் சென்சார வரிசையா வச்சு ஆர்டுயினோங்குற சின்ன கண்ட்ரோலர் போர்டுல இணைக்கலாம், ரெண்டு சென்சாருக்கு நடுவுல காந்தம் இருந்தா ரெண்டும் சொல்ற அளவ ஒப்பிட்டு எடத்த கணிக்கணும், அந்த ப்ரோக்ராம்தான் உங்க ப்ராஜெக்டோட உயிர்.

நீங்க லேப்ல மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு மார்க் வாங்கிட்டு போயிரக் கூடாதுன்னு சிலது சொல்றேன். வெயில்ல கிடக்குற பலகை நீளும். ஒரு மீட்டர் அக்ரிலிக் பலகை 20 டிகிரி சூடு ஏறுனா ஒன்றரை மில்லிமீட்டருக்கு கிட்ட நீளும், அலுமினியம் அரை மில்லிமீட்டர்கிட்டதான். அதனால ஸ்கேல பிளாஸ்டிக்ல ஒட்டுறதா உலோகத்துல ஒட்டுறதான்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. தினமும் காலையில நீளம் தெரிஞ்ச ரெண்டு உலோகத் துண்ட, ஒண்ணு சின்னது ஒண்ணு பெருசு, வச்சு சரிபாக்குற ஒரு பட்டன் குடுங்க. ஸ்க்ரீன் எழுத்து மதிய வெயில்ல தெரியணும், கையுறை போட்ட விரலுக்கு பட்டன் படியணும். பீப் சத்தம் ஏலத்துக்கு நடுவுல கேக்காது, ஒரு லைட்டும் வைங்க. மீன் பேரெல்லாம் தமிழ்ல வைங்க, கூடவே ஒரு கோடு நம்பரும் வைங்க, ஏன்னா தொண்டியில ஒரு பேரு, ஏர்வாடியில வேற பேரு. நெட்வொர்க் இல்லாட்டியும் பலகைக்குள்ளயே டேட்டா தங்கணும், தப்பா போன கடைசி மீன அழிக்க ஒரு வழி வேணும்.

அதுவும் முடியலன்னா சாதா பலகையும் செல்போன்ல பெரிய பெரிய நம்பர் பட்டன் வச்ச ஒரு ஆப்பும் போதும். பாதி பயன் அதுலயே கெடைக்கும், நோட்டுல இருந்து எக்ஸெலுக்கு மாத்துற வேலை போயிருது பாருங்க. கேக்க சாதாரணமா இருக்குன்னு கைடு ஒத்துக்க மாட்டாருன்னு தெரியும், ஆனா இந்த கரைக்கு நாளைக்கே உதவுறது அதுதான்னு நான் நெனைக்கிறேன்.

ஏர்வாடி வாசகர்: சிங்கி இறால நீளம் பாத்து வாங்கணுமா எடை பாத்தா?

ஏற்றுமதிக்குன்னா எடை. 2003ல மத்திய அரசு சிங்கி ஜாதி வாரியா போட்ட அளவு, அறிவியல் பேர்ல சொன்னா, பானுலிரஸ் ஹோமாரஸ் 200 கிராம், பாலிஃபேகஸ் 300 கிராம், ஆர்னேட்டஸ் 500 கிராம், மட்டச்சிங்கி 150 கிராம், இதுக்கு கீழ போனா அனுப்பக்கூடாது. ஆராய்ச்சிக்குன்னா தலைஓட்டு நீளமும் எடுப்பாங்க. சினையோட இருந்தா கடல்லயே விட்டுருங்க.

தேவிபட்டினம் வாசகர்: எங்க ஆபீஸ்ல ஒரு எலக்ட்ரானிக் பலகை வாங்கியிருக்காங்க. உப்புல எத்தன நாளைக்கு தாங்கும்? சார்ஜ் போயிட்டா?

தண்ணி புகாதுன்னு எழுதியிருந்தாலும் சார்ஜர் சொருகுற எடத்து மூடிய ஒழுங்கா அமுக்கலன்னா அதெல்லாம் வெறும் எழுத்துதான், உப்பு புகுறது அனேகமா அந்த ஓட்டையிலதான். வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவுங்க, செதில் காஞ்சு தடுப்புல ஒட்டிக்கிட்டா மூக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிக்கும், நாள் பூரா எல்லா மீனும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலா வரும், யாருக்கும் தெரியாது. பேனா காந்தத்துல இரும்புத்தூள் ஒட்டும், தொடைச்சு வைங்க, ஏடிஎம் கார்டு வச்ச சட்டைப்பையில சொருகாதீங்க. பலகைய பூட்டுன காருக்குள்ள வெயில்ல விடாதீங்க, பேட்டரியும் போகும் பலகையும் வளையும்.

சார்ஜ் போற அன்னைக்குன்னு ஒரு நாள் வரத்தான் செய்யும், அதுவும் கச்சான் காத்து ஓஞ்சு எல்லா படகும் மீனோட வர்ற அன்னைக்குத்தான் வரும். பையில ஒரு சாதா பலகை, தண்ணியில நனையாத தாள், பென்சில், இது மூணும் எப்பவும் கெடக்கட்டும். மைப் பேனா வேணாம், ஐஸ் தண்ணி பட்டா மை ஓடிரும். அன்னைக்கு கையால எழுதுனத பின்னாடி டேட்டாவுல ஏத்தும்போது "கையால அளந்தது"ன்னு தனி கட்டத்துல குறிச்சு வைங்க, டேப்லெட்ட ஆபீஸ் வந்ததும் மறக்காம காப்பி எடுத்துருங்க.